வாசலில் தொங்கிய காகிதக் கைகள்

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு வாசலில் கூடியிருந்தவர்கள் நான், அம்மா, அப்பா, பின்னால் மாட்டுக்கொட்டகையை மாற்றிக் கட்டிய லைன் அறையில் வாடகைக்கு இருக்கும் ஒடிசாக்காரர்கள் மூன்று பேர். வராதவர்கள் இரண்டு பேர். ஒருவன் அந்த அறையின் நான்காவது ஆள். எங்கள் ஊரை ஒட்டிய தொழிற்பேட்டையான கஞ்சிக்கோட்டில் ஒரு தகர சாமான் கம்பெனியின் பிரஸ் மெஷினில் வலது கையின் மூன்று விரல்கள் போய், பாலக்காட்டு ஜில்லா ஆஸ்பத்திரியில் படுத்திருந்தான். இன்னொருவர் அவனை அந்த மெஷினில் நிறுத்திய காண்ட்ராக்டர். எங்கள் தெருக்காரர்தான். அப்பாவுக்குப் பங்காளி, எனக்குச் சித்தப்பா முறை. ஆள் விட்டுக் கூப்பிட்டும் வரவில்லை. தன் வேன் டிரைவரிடம் ஒரு வார்த்தை மட்டும் சொல்லி அனுப்பியிருந்தார்.

"அந்தப் பையன் ஆருன்னே தெரியாதுங்களாமா. கூட இருந்தவனுக ஆரோ கூட்டிட்டு வந்து உட்டிருப்பாங்கன்னு சொல்லச் சொன்னாருங்க."

இரண்டு வருஷமாகச் சித்தப்பாவின் வேனில்தான் அவன் தினமும் வேலைக்குப் போனான். சம்பளம் சித்தப்பா கையிலிருந்து ரொக்கமாக வாங்கினான். அது தெருவுக்கே தெரியும். ஆனால் தெருவுக்குத் தெரிந்தது கம்பெனி கணக்கில் எங்கேயும் இல்லை.

நான் பக்கத்து ஊர் அரசுப் பள்ளியில் தினக்கூலிக்கு ஓவிய ஆசிரியர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாகத் தாண்டிய முதல் ஆள். அப்பாவுக்கு இன்றைக்கும் கைநாட்டுத்தான். அதனால் ஆபீஸ் என்று எது வந்தாலும் அது என் தலையில்தான் விடியும். மறுநாளே பாலக்காட்டு லேபர் ஆபீசுக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி நல்ல மனிதர். பொறுமையாகக் கேட்டுவிட்டு மலையாளத்தில் சொன்னதன் சாரம் இதுதான்: காண்ட்ராக்டர், என் ஆள்தான் என்று ஒத்துக்கொண்டால் நஷ்டபரிகாரம் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஒத்துக்கொள்ளாவிட்டால் கூட வேலை செய்தவர்கள் சாட்சி சொல்ல வேண்டும். அதற்கும் வழியில்லை என்றால் கேஸ் வருஷக்கணக்கில் இழுக்கும்.

கூட வேலை செய்தவர்கள் என்றால் அந்த அறைக்கார மூன்று பேர்தான். அவர்களும் சித்தப்பாவின் ஆட்கள். சாட்சி சொன்ன மறுநாள் வேன் அவர்களுக்காக நிற்காது. அவர்களில் மூத்தவன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான், "சேட்டா, எனக்கு ஊர்ல ரெண்டு தங்கச்சி." நான் அதற்குமேல் கேட்கவில்லை.

ஆக, அவன் கைக்கு நியாயம் கிடைப்பதும் கிடைக்காததும் சித்தப்பாவின் ஒரு வார்த்தையில் இருந்தது.

அவனை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்த வாரத்தில் ஊரில் மாரியம்மன் திருவிழாவுக்குப் பூச்சாட்டிக் கம்பம் நட்டார்கள். கம்பம் நடும்போது அவன் எங்கள் வாசலில்தான், கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு மேளத்தைப் பார்த்தபடி நின்றான். அதற்கடுத்த நாள் சித்தப்பா தாமாகவே வந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்று அம்மாவிடம் பேசினார். கையில் ஒரு கவர், ஒரு ரயில் டிக்கெட்.

"அண்ணி, நாளைக்குச் சாயங்காலம் கோயமுத்தூர்ல வண்டி. ஊருக்குப் போயி அப்பன் ஆத்தாளோட இருக்கட்டும். பாவம்."

"ஆருன்னே தெரியாதுன்னு சொல்லி உட்டீங்களாமா? தெரியாதவனுக்கு எதுக்குங்க டிக்கெட்டு?"

"ஒரு மனுசத்தன்மைதான் அண்ணி."

"அதெல்லாஞ் சரிங்க கொழுந்தனாரே. ஆனா கம்பம் நட்டாச்சுங்களே. கம்பம் நட்டப்ப ஊருக்குள்ள இருந்தவன், அதைப் புடுங்கற வரைக்கும் வெளியூர்ல ராத்தங்கக் கூடாதுங்களே."

"அது நம்மாளுகளுக்கு அண்ணி. வடக்கத்தியானுக்கு என்ன கம்பம்?"

"மாரியாத்தா என்ன ஆதார் கார்டு வாங்கிப் பாத்துட்டா உடறா?"

சித்தப்பா சிரிக்கவும் முடியாமல் கோபிக்கவும் முடியாமல் அப்பாவைப் பார்த்தார். அப்பா மாட்டுக்குத் தண்ணி காட்டுகிற வேலையில் மும்முரமாக இருந்தார். பங்காளிப் பகை அவருக்கு ஆகாது. அதேசமயம் கம்பம் நட்ட ஊரைவிட்டுப் போ என்று ஒருவனிடம் சொல்லவும் அவரால் ஆகாது. டிக்கெட் காலாவதி ஆனது. அம்மா அந்த முறையைச் சட்டம் தெரிந்து சொன்னதில்லை. உண்மையிலேயே அப்படித்தான் நம்புகிறாள். அவள் அன்று நம்பியது எங்களுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் அவகாசமாக வந்து சேர்ந்தது.

"ஞான் போகில்ல அம்மா," என்றான் அவன். மலையாளமும் தமிழும் கலந்த அவன் பேச்சு அம்மாவுக்கு நன்றாகப் புரியும். "மூணு விரல் இல்லாம வீடு போய் என்ன பண்ணும்? பணம் கிட்டிட்டுப் போகும்."

அவனுக்குக் கிடைக்கிற பணத்தில் ஊரில் ஒரு சின்ன மளிகைக் கடை போட வேண்டும் என்பது திட்டம். தூக்கிப் பிடிக்கிற வேலை இனி அவனால் முடியாது. தராசு பிடிக்க இடது கை போதும் என்று கணக்குப் போட்டிருந்தான்.

எங்கள் தெருவுக்குத் திருவிழாத் தோரணம் கட்டுகிற பொறுப்பு இளைஞர் மன்றத்துடையது. ஓவிய வாத்தியார் என்பதால் மூன்று வருஷமாக அதை என்னிடம் விட்டிருக்கிறார்கள். பிளாஸ்டிக் தோரணத்தைப் பஞ்சாயத்து தடுத்துவிட்டது. காகிதம்தான். வழக்கமாக முக்கோணமாக வெட்டி நூலில் ஒட்டிவிடுவோம். இந்த வருஷம் படமாகவே வெட்டுகிறேன் என்று மன்றத்தில் சொன்னேன். "என்னவோ பண்ணு மாப்ள, மழைக்கு முன்னாடி கட்டிரு," என்றார்கள்.

திருச்சூரில் ஓவியம் படித்த காலத்தில் ஒரு பயிலரங்கில் மெக்சிகோ நாட்டுக் காகிதத் தோரணத்தைப் பார்த்தேன். பாப்பெல் பிக்காதோ என்று பெயர். காத்தாடித் தாள் மாதிரி மெல்லிய வண்ணத் தாள்களை அடுக்கி வைத்து, உளியால் தட்டித் தட்டி உருவங்களைத் துளைத்தெடுத்துத் தெருவுக்குக் குறுக்கே கட்டுவார்கள். பூ, பறவை, எலும்புக்கூடு எல்லாம் வரும். எனக்குப் பிடித்தது வேறொன்று. எல்லை தாண்டி அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போனவர்கள் தங்கள் கதையையே அதில் வெட்டுகிறார்கள். வேலிக்கம்பி, தண்ணீர்க் குடத்தோடு நடக்கிறவர்கள், அம்மாவிடமிருந்து பிரிக்கப்பட்ட பிள்ளை. தூரத்திலிருந்து பார்த்தால் கல்யாண வீட்டுத் தோரணம்தான். கிட்டே போனால் அது ஒரு வழக்கு.

அந்தப் படங்களைப் பார்த்த நாட்களில் ஹாஸ்டலில் என்னை, தமிழ் பேசுகிறவன் என்பதால், 'பாண்டி' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கேரளத்தில் பிறந்து, மலையாளத்தில் அச்சடித்த ரேஷன் கார்டு வைத்திருக்கிறவன் நான். என் ஊரிலோ ஒடிசாக்காரன் 'பெங்காலி'. பெயரைக் கேட்கிற சிரமம் யாருக்கும் இல்லை. இதை நான் கசப்பாகச் சொல்லவில்லை. வரைவதற்கு ஏதாவது இருக்கிறது என்று எனக்கு முதன்முதலில் தோன்றியது அங்கேதான்.

உளி கடையில் கிடைக்கவில்லை. அறைக்கார மூன்று பேரும் உடைந்த ஆக்சா பிளேடுகளைப் பட்டறையில் சாணை பிடித்து விதவிதமான நுனிகளோடு கொண்டு வந்தார்கள். சாட்சி சொல்ல முடியாததற்குப் பதிலாக அதைச் செய்தார்கள் என்று நினைக்கிறேன். அடியில் போட டிராக்டர் டயரில் ஒரு துண்டு. நாற்பது தாள்களை ஒரே அடுக்காக வைத்துத் தட்டினேன். முதல் அடுக்கு பாழ். உருவத்துக்கும் ஓரத்துக்கும் நடுவில் தாள் இணைப்பு போதவில்லை. தூக்கியதும் ரயில் பெட்டி மட்டும் தனியாகக் கழன்று மடியில் விழுந்தது.

அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். "பதினேழு வருசம் படிச்சுப்போட்டு காயிதத்துல ஓட்டை போடறான். இதை எலி பண்ணாதா?"

"எலிக்கு டிகிரி இல்லீங்க," என்றாள் அம்மா.

ரயில் வெட்டினேன். புகைபோக்கி வெட்டினேன். நாலு பேர் ஒரு அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கிற அறை வெட்டினேன். அவன் எதிரே உட்கார்ந்து இடது கையால் தாள் நகராமல் அமுக்கிப் பிடித்திருந்தான். எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கேட்டான், "சேட்டா, கை எங்க?"

நான் தயங்கினேன். திருவிழாத் தோரணத்தில் அதை எப்படிப் போடுவது? அவன் தயங்கவில்லை. இடது கையை விரித்துத் தாளின்மேல் வைத்து, "வரை," என்றான். சுற்றி வரைந்தேன். தாளைத் திருப்பிப் போட்டதும் அது வலது கையாகிவிட்டது. பிறகு நடுவிரல், மோதிர விரல், சுண்டு விரல் மூன்றையும் விட்டுவிட்டு மற்றதை மட்டும் துளைத்தெடுத்தேன். தூக்கிப் பிடித்தால் உள்ளங்கையும் இரண்டு விரல்களும் வெளிச்சமாகத் தெரிந்தன. போன விரல்கள் வெறும் சிவப்புத் தாளாக நின்றன. அவன் ரொம்ப நேரம் பார்த்தான். "நல்லா இருக்கு," என்றான். நாலு படமும் மாறி மாறி வரும்படி நூலில் ஒட்டினோம்.

எங்கள் வீட்டிலிருந்து கோயில் வரை தெருவுக்குக் குறுக்கும் நெடுக்கும் காலையில் கட்டி முடித்தோம். சித்தப்பாவின் வீடு வழியில்தான் இருக்கிறது. அவர் வாசலை மட்டும் தாண்டிக்கொண்டு கட்ட முடியாது; அப்படித் தாண்ட வேண்டிய அவசியமும் இல்லை. மற்ற வீட்டு வாசல்களில் எப்படியோ அப்படித்தான் அவர் வாசலிலும்.

மதியத்துக்குள் சத்தம் கேட்டது.

"என்ற ஊட்டு வாசல்ல மொண்டிக் கையத் தொங்க உட்டிருக்கறான், வந்து பாருங்க! சாமி வர்ற பாதைங்க இது! திருநாளா, எழவா?"

தெரு கூடிவிட்டது. மன்றத்துப் பையன்கள் என்னைப் பார்த்தார்கள். ஒருவன் ஏணியை எடுத்துவிட்டான். "அவுத்தறலாமா அண்ணா?" பூசாரியும் வந்தார். அண்ணாந்து பார்த்துவிட்டு, சாமி பாதையில் ஊனமான உறுப்பு தொங்குவது சரியாகப் படவில்லை என்றார். நான் பாப்பெல் பிக்காதோ பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். "மெக்சிகோவில..." என்றதுமே நாலு பேர் சிரித்துவிட்டார்கள்.

அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே வந்தாள்.

"ஏனுங்க பூசாரி, உங்க உண்டியலத் தொறந்தா என்னங்க கெடக்குது? கை கெடக்குது, காலு கெடக்குது, கண்ணு கெடக்குது. வெள்ளித் தகட்டுல இருந்தா நேர்த்தி, காயிதத்துல இருந்தா அபசகுனமுங்களா?"

பெண்கள் பக்கத்திலிருந்து சிரிப்பு எழுந்தது. அடிபட்ட உறுப்பை வெள்ளித் தகட்டில் வாங்கி அம்மனுக்குப் போடுவது எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் நடந்திருக்கிறது. பூசாரி கொஞ்சம் யோசித்தார். அவர் முறை தவறாத மனிதர்.

"நேர்த்தின்னா தொங்கலாமுங்க, தப்பில்ல. ஆனா ஆரு கைக்கு, ஆரு நேர்ந்துக்கறாங்கன்னு சொல்லோணும். சொல்லாம போடற காணிக்கைய ஆத்தா எடுக்க மாட்டா."

"கை இவன் கை," என்று அம்மா அவனைக் காட்டினாள்.

"நேர்ந்தவிய ஆரு?" என்றார் பூசாரி.

கடைசி வீட்டுத் தென்னந்தோப்புக்காரர் பின்னால் நின்று, யாரையும் குறிப்பாகப் பார்க்காமல் சொன்னார், "பண்ணையத்தாளுக்கு அடிபட்டா பண்ணையக்காரன் நேர்வான். அதானுங்க நம்ம பக்கத்து முறை."

எல்லோரும் சித்தப்பாவைத்தான் பார்த்தார்கள். அவர் வாயைத் திறப்பதற்குள் வாசல் கேட்டுக்குள்ளிருந்து சித்தியின் குரல் வந்தது. காப்பு கட்டி விரதம் இருந்த சித்தி.

"ஏனுங்க, நம்ம வாசல்லயே வந்து தொங்குதுங்க. நாமளே போட்டறலாமுங்க. ரெண்டு புள்ளைக இருக்குதுங்க நமக்கு."

சித்தப்பா விருட்டென்று உள்ளே போய்விட்டார். தோரணத்தை யாரும் அவிழ்க்கவில்லை. ஏணி திரும்பவும் சுவரில் சாய்ந்தது.

என் எண்ணம் என்னவென்று நேராகச் சொல்லிவிடுகிறேன். ஊர் பார்க்கட்டும், வெட்கப்படட்டும் என்பதற்குமேல் நான் எதையும் எதிர்பார்க்கவில்லை. படம் அந்த அளவுக்கு வேலை செய்யும் என்று நம்பித்தான் வெட்டினேன். அது அதற்கும் மேலே போனது.

மறுநாள் மாவிளக்கு. சாயங்கால வெயில் இருக்கும்போதே பெண்கள் தட்டோடு வர ஆரம்பித்துவிட்டார்கள். கோயில் வாசலில் மைக்கோடு உட்கார்ந்திருக்கும் நன்கொடை அறிவிப்பாளருக்குக் கொண்டாட்டமான நேரம் அது. யார் எவ்வளவு கொடுத்தாலும் ஊரையும் உறவையும் சேர்த்து நீட்டி முழக்குவார். குழாய் ஸ்பீக்கர் மெயின் ரோடு வரை கட்டியிருந்தது. மன்றத்துப் பையன் ஒருவன் போனில் எல்லாவற்றையும் நேரலையாக விட்டுக்கொண்டிருந்தான்.

சித்தப்பா பட்டு வேட்டியில் வந்தார். பின்னால் சித்தி, தட்டில் மாவிளக்கும் பளபளவென்று ஒரு வெள்ளிக் கையும். வருவது என்று முடிவான பிறகு குறைவாக வருகிற ஆள் இல்லை அவர். அறிவிப்பாளரின் காதில் குனிந்து என்னவோ சொன்னார். நிமிர்ந்து, போதவில்லை என்பதுபோல் மறுபடி குனிந்து இன்னும் கொஞ்சம் சொன்னார்.

"நமது ஊரைச் சேர்ந்த, கஞ்சிக்கோடு தொழில் வட்டாரத்தின் பிரபல காண்ட்ராக்டர் அவர்கள், தன்னிடம் இரண்டு வருடங்களாக விசுவாசமாக வேலை பார்த்து வரும் ஒடிசா மாநிலத் தொழிலாளி, பணியின்போது கையில் அடிபட்டதை முன்னிட்டு, அவரது கை குணமாக வேண்டி, அன்னைக்கு வெள்ளிக் கை ஒன்றும், அன்னதானத்திற்கு ஐயாயிரம் ரூபாயும்..."

நான் அவன் பக்கத்தில் நின்றேன்.

"சேட்டா, என்ன சொல்றாரு?"

"நீ ரெண்டு வருசமா அவருகிட்ட வேலை பாக்கறயாமா. வேலை செய்யறப்பத்தான் அடிபட்டுதாமா."

"அது எனக்குத் தெரியுமே," என்றான். பிறகுதான் அவனுக்கு உறைத்தது. கட்டுப்போட்ட கையால் என் தோளைக் குத்திவிட்டு, வலி தாங்காமல் அங்கேயே குந்தி உட்கார்ந்து சிரித்தான்.

கம்பம் பிடுங்கிய அடுத்த வாரம் லேபர் ஆபீசுக்கு எல்லோரையும் கூப்பிட்டிருந்தார்கள். சித்தப்பா வந்தார், கம்பெனி தரப்பில் ஒரு மேனேஜர் வந்தார், வெளியே பெஞ்சில் சித்தி. எங்கள் பக்கம் அவன், நான், யாரும் எதிர்பாராமல் அப்பா. காலையில் அவராகவே சட்டையை மாட்டிக்கொண்டு, "நானும் வாரன்," என்று பஸ் ஏறிவிட்டார். ஆபீசில் சித்தப்பாவுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான்.

என் சட்டைப்பையில் போன் இருந்தது. திருவிழா வீடியோவை அந்த இடத்தில் நிறுத்தித் தயாராக வைத்திருந்தேன். அதிகாரி அவனைக் காட்டிச் சித்தப்பாவிடம் மலையாளத்தில் கேட்டார், "ஈ ஆளெ அறியுமோ?"

மேனேஜர் சித்தப்பாவின் முழங்கையைத் தொட்டார். சித்தப்பா கதவு வழியே வெளியே பார்த்தார். சித்தி அங்கிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அறியும் சாரே," என்றார். பிறகு தமிழில், மெதுவாக, எங்களுக்கும் கேட்கும்படி: "என்ற ஆளுதான். சாமிகிட்டச் சொன்னதை உங்ககிட்ட இல்லைன்னு சொல்ல முடியுமா?"

போனை நான் எடுக்கவே இல்லை.

மேனேஜருக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "என்னய்யா நீ, கோயில்ல மைக்குல சொன்னதுக்கெல்லாம் கம்பெனி பொறுப்பா?" என்று சீறினார். அதிகாரி அவரை உட்காரச் சொன்னார். ஆள் காண்ட்ராக்டருடையது, மெஷின் கம்பெனியுடையது, ஆகவே இரண்டு பேரும் சேர்ந்துதான் கட்ட வேண்டும் என்று விளக்கினார். வயது, சம்பளம், போன விரல்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். அவன் ஒவ்வொரு கேள்விக்கும் எழுந்து நின்று பதில் சொன்னான். "இரிக்கூ, இரிக்கூ," என்று அதிகாரி அவனைத் திரும்பத் திரும்ப உட்காரச் சொல்ல வேண்டியிருந்தது. மதியத்துக்குமேல் வரை பேரம் நடந்தது. மேனேஜர் இரண்டு முறை எழுந்து போய் யாருக்கோ போன் போட்டுவிட்டு, இரண்டு முறையும் தொகையைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டு வந்தார்.

கடைசியில் அவன் இடது கையால், கோணலாக, தன் பெயரை ஒடியா எழுத்தில் கையெழுத்துப் போட்டான். மருந்துச் செலவு தனி. மூன்று விரல்களுக்குச் சித்தப்பாவும் கம்பெனியும் சேர்ந்து கட்டியது ஐந்து லட்சத்து முப்பதாயிரம் ரூபாய்.